நானூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளும் ஒரு பூட்டும்

எங்கள் சேர்வரில் மின்னஞ்சல் தேங்கினால், எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே ஆலையடிவேம்பு சீனித்தம்பி அண்ணனின் தொலைபேசி அடித்துவிடும். அவருக்கு டிரக்டர் உதிரிப்பாகக் கடை. வெள்ளிக்கிழமை காலையில் கொழும்புக்கு ஓடர் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே கேட்பார். சேரவில்லை என்றால் என்னிடம் கேட்பார். கேட்பார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன்.

"தங்கச்சி, மெயில் அனுப்பி இருவது நிமிசமாச்சு. கொழும்புக்காரன் வரல்ல எண்டுறான். நான் நடந்து போயிருந்தாலே இந்நேரம் அக்கரைப்பத்தத் தாண்டியிருப்பன்."

"பாக்கிறன் அண்ணன். பத்து நிமிசம் தாங்க."

"பத்து நிமிசமெண்டா பத்து நிமிசம்தானே? உங்கட பத்து நிமிசமில்லயே?"

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் என் பிழைப்பு. கல்முனை பிரதான வீதியில், ஒரு பிடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கொம்பனி. முதலாளி காலிதீன் சேர், நான், இன்னும் இரண்டு பேர். சுற்றுவட்டாரத்தில் நூற்றைம்பது கடைகள், அரிசி ஆலைகள், ரியூசன் வகுப்புகளின் மின்னஞ்சல் எல்லாம் எங்கள் சேர்வர் வழியாகத்தான் போகும், வரும். அந்தச் சேர்வரைக் கட்டியெழுப்பியது நான். குப்பை மெயிலையும் வைரசையும் பிடிக்கும் வடிகட்டியை வைத்ததும் நான். இரண்டு வருடமாக ஒரு வைரசும் உள்ளே வரவில்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்லித் திரிவேன். எனக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு.

தேக்கத்தில் எத்தனை மெயில் நிற்கிறது என்று பார்த்தேன். நானூற்று ஐம்பத்தெட்டு. வழக்கமாக அந்த நேரத்தில் ஐந்தோ ஆறோதான் நிற்கும்.

எங்கே நிற்கிறது என்பதும் உடனே தெரிந்தது. வைரஸ் வடிகட்டியின் வாசலில். உள்ளே வருகிற ஒவ்வொரு மெயிலின் இணைப்பையும் அது அவிழ்த்துப் பார்த்துத்தான் விடும். சோதனைச் சாவடியில் இரண்டு பேர் நின்று ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துப் பார்த்துக் கட்டி அனுப்புவதைப்போல, ஒரு தடவைக்கு இரண்டு மெயில்தான். சாதாரண மெயிலுக்கு ஒரு விநாடி போதும். இன்று ஒன்றுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. சீனித்தம்பி அண்ணனின் ஓடர் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் நின்று மூச்சுத் திணறியது.

"யாரோ ஒரு வாடிக்கையாளர்ட கொம்பியூட்டர்ல வைரஸ் புகுந்து ஸ்பாம் அனுப்புது சேர்," என்றேன். "ஒரே இடத்திலயிருந்து நானூறு மெயில். ஆளப் பிடிச்சுக் கணக்கப் பூட்டுறன். எத்தின தரம் சொல்றது, கண்டதையும் கிளிக் பண்ணாதீங்க எண்டு? கேக்கிறாங்களா?"

காலிதீன் சேர் பிளேன்டீக் கோப்பையோடு என் பின்னால் வந்து நின்றார். நான் அனுப்பியவரின் முகவரியைத் திறந்தேன்.

அனுப்பியவர்: அப்துல் கபூர், நற்பிட்டிமுனை. பொருள்: எங்கள் மகள் நதீராவின் திருமண அழைப்பு.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்ததாம். காலிதீன் சேர் தேநீரைச் சிந்தாமல் சிரிக்க மிகவும் பாடுபட்டார்.

"ஆளப் பிடிச்சாச்சு. கணக்கப் பூட்டுறயா?" என்றார்.

அந்த நதீரா நான்தான், அப்துல் கபூர் என் வாப்பா. அவருக்கு அழைத்தேன்.

எனக்கும் றிபாத்துக்கும் அடுத்த மாதம் கலியாணம். எங்கள் பக்கம் கலியாணத்தைக் கார்டில் மட்டும் அடித்துக் கொடுத்தால் அது அழைப்பு ஆகாது. வீடு வீடாகப் போய், பெயரைச் சொல்லி, வாயால் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு ஆண்கள் சொல்ல வேண்டும், பெண்களுக்குப் பெண்கள் சொல்ல வேண்டும். புருசனுக்குச் சொல்லிவிட்டுப் பெண்சாதிக்குச் சொல்லாமல் வந்தால் அந்த வீட்டில் பாதிப் பேர்தான் வருவார்கள், வந்த பாதியும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும். வாப்பாவோ மூன்று கிழமைக்கு முன்பு கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறார்.

"ஓம் மகள், நான்தான் அனுப்பின," என்றார். குரலில் அப்படியொரு சந்தோசம். "இருநூத்தி ஆறு வீடு. வீட்டுக்கு ரெண்டு. ஆம்புளைக்கு என்ட குரல், பொம்புளைக்கு உம்மாட குரல். ஒவ்வொராளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ரெக்கோட் பண்ணி வெச்சிரிக்கம். ஒம்பது நாள் வேல."

"நானூத்திப் பன்னிரண்டு ரெக்கோடிங்கா வாப்பா?"

"பின்ன? ஒராள்ட பேரச் சொல்லி எல்லாருக்கும் அனுப்பினா ஊர் சிரிக்காதா?"

"போன்ல எடுத்துச் சொல்லியிருக்கலாமே!"

"போன்ல சொல்றது சொல்லலா? கார்டும் குரலும் ஒண்டா வாசலுக்குப் போகணும்."

போனில் சொல்வது மரியாதை இல்லை, பதிவுசெய்து மெயிலில் அனுப்புவது மரியாதை என்ற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஆசிரியராக முப்பத்தைந்து வருடம் இருந்தவரோடு கணக்குப் பேசக் கூடாது. அதோடு, கையடக்கத் தொலைபேசி வாங்கும் எல்லோருக்கும் ஒரு மெயில் முகவரி இருக்கிறது என்பதையும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி மெயில் அனுப்பும் வித்தையையும் போன வருடம் பழைய மாணவர் சங்கத்துக்காக அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஒரே மெயிலை நானூறு பேருக்கு அனுப்பியிருந்தால் வடிகட்டி ஒரு தடவை பார்த்து விட்டிருக்கும். இது நானூறும் நானூறு விதம்.

"அதென்ன வாப்பா, சுருக்கின கோப்புக்குள்ள இன்னொரு கோப்பு, அதுக்குள்ள இன்னொண்டு?"

"கார்டு கவருக்குள்ளதானே இரிக்கணும்? கவர் பெரிய கவருக்குள்ள இரிக்கணும்."

வடிகட்டி ஏன் மூன்று நிமிடம் எடுக்கிறது என்பது விளங்கியது. பாவம், அது ஒவ்வொரு கவராகப் பிரித்துக்கொண்டிருந்தது.

வடிகட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டால் எல்லாம் ஓடிவிடும் என்று அடுத்த மேசையிலிருந்து ஒரு யோசனை வந்தது. இந்தத் தொழிலில் இதைவிட விசர் யோசனை கிடையாது. நான் ஒரே கட்டளையில் வாப்பாவின் அழைப்புகளை மட்டும் ஓரமாக நிறுத்தி வைத்தேன். மற்ற மெயில்கள் பாய்ந்து ஓடின. நான்கு நிமிடத்தில் தேக்கம் தீர்ந்தது. சீனித்தம்பி அண்ணனும் அழைத்து, "வந்திட்டாம் தங்கச்சி. இண்டைக்கு உங்கட பத்து நிமிசம் சரியான பத்து நிமிசம்," என்று பாராட்டினார். நிறுத்தி வைத்ததைப் பின்னேரம், ஆட்கள் குறைந்த நேரத்தில், இரண்டு இரண்டாக விடலாம் என்று கணக்குப் போட்டேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்டிருந்த நேரம் வாப்பா திரும்பவும் அழைத்தார்.

"மகள், காக்காட மெயில் போயிற்றா? அதத்தான் முதல்ல அனுப்பின. அத மட்டும் பாத்துச் சொல்லு."

குரலில் காலையில் இருந்த சந்தோசம் இல்லை.

காக்கா என்றால் வாப்பாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரியவாப்பா மீராலெவ்வை. அட்டாளைச்சேனையில் விதைநெல் கடை வைத்திருக்கிறார். இருவரும் ஒரே வட்டையில் அடுத்தடுத்த வயல் செய்தவர்கள். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சிறுபோகத்தில் யாருடைய முறைக்கு யார் தண்ணீர் திருப்பினார் என்று வாய்க்கால் கட்டில் நின்று வாய்த்தர்க்கம். வாப்பா சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. பெருநாளுக்கும் இல்லை, சாவு விழுந்த மையத்து வீட்டிலும் இல்லை. என் கலியாணம் முடிவான நாளில் வாப்பா உம்மாவிடம், "காக்கா இல்லாத சபையில இருந்து நான் எப்பிடிக் கலியாணக் காவின் எழுதிக் குடுக்கிற?" என்று கேட்டார். நான் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூத்தவருக்குத்தான் முதல் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொன்னால், அவரை வேண்டாம் என்று சொன்னதற்குச் சமம். அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டாலும் ஏறாது.

தேடினேன். போய்ச் சேர்ந்தது பதினெட்டு. நிறுத்தி வைத்தது முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. இரண்டிலும் பெரியவாப்பாவுக்கான மெயில் இல்லை. அது சிறையில் கிடந்தது. சந்தேகமான மெயில்களை வடிகட்டி பிடித்துப் போடும் இடத்தை நாங்கள் சிறை என்றுதான் சொல்வோம். காரணம் எழுதியிருந்தது: கடவுச்சொல் போட்டுப் பூட்டிய இணைப்பு, உள்ளே பார்க்க முடியவில்லை.

மற்ற எல்லோருக்கும் குரல். இவருக்கு மட்டும் ஒரு பூட்டிய கடிதம். மெயிலில் ஒரே ஒரு வரி இருந்தது: 'காக்கா, சாவி நாம ரெண்டு பேரும் முதன்முதல் சேர்ந்து வாங்கின மாட்டின் பேர்.'

போய்ச் சேர்ந்த பதினெட்டையும் இன்னொரு தடவை பார்த்தேன். ஏழாவது பெயரில் என் கண் நின்றது. ஹிஷாம், அட்டாளைச்சேனை. பெரியவாப்பாவின் கடைக்கு அடுத்த உரக்கடை. ஹிஷாம் வாய் மூடி இருக்கும் நேரம் தூங்கும் நேரம் மட்டும்தான். தூக்கத்திலும் பேசுவான் என்று கேள்வி. எப்படியும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது பெரியவாப்பாவிடம் சொல்லிவிடுவான். அதற்குள் இந்த மெயில் போயாக வேண்டும்.

விடுவிக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் பூட்டிய இணைப்பை விடுவிப்பதென்றால் அனுப்பியவரிடம் கேட்டு, உள்ளே இருப்பதைச் சோதித்து, முதலாளியின் அனுமதி எடுக்க வேண்டும். போன வருடம் ஓர் அரிசி ஆலைக்கு வந்த பூட்டிய கோப்பில் வைரஸ் இருந்ததைப் பிடித்த பிறகு எழுதிய விதி. எழுதியதும் நான்தான். மற்றவர்கள் கெஞ்சும்போது மேசையில் தட்டித் தட்டி வாசித்துக் காட்டியதும் நான்தான்.

காலிதீன் சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை.

"விதி உனக்கும்தானே நதீரா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கெதியாச் செய். சோதிச்சுக் காட்டினா உடனே கையெழுத்து வெக்கிறன்," என்றார்.

வாப்பாவுக்கு அழைத்தேன்.

"வாப்பா, அந்தக் கோப்புட கடவுச்சொல்லச் சொல்லுங்க. நான் திறந்து சோதிக்கணும்."

"ஏலா."

"மாட்டுட பேர்தானே வாப்பா!"

"அது எனக்கும் காக்காக்கும் உள்ள கத. நீ என்ட மகள்தான். அதுக்காக?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குரல்ல சொல்லத்தான் பாத்தன் மகள். மூணு நாள் பாத்தன். காக்கா எண்டு சொன்னதோட தொண்ட அடைச்சிக்கிது. அதான் எழுதின."

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டு, பேசுவதற்கு என் சேர்வரை, அதுவும் வெள்ளிக்கிழமை காலையைத் தெரிவுசெய்திருக்கிறார் மனிசன்.

வேறு வழி ஒன்று இருந்தது. "மடிக்கணினிய ஒன் பண்ணி வையுங்க," என்றேன். ஒபிசிலிருந்தபடியே வாப்பாவின் கணினிக்குள் நுழைந்தேன். அதை முழுதாக வைரஸ் சோதனை போட்டேன். அவர் நல்ல மனிசன், கணினியிலும் ஒரு குப்பையும் இல்லை. பூட்டிய கோப்பும் சிறையில் கிடப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டேன். ஒன்றுதான். அதற்குப் பக்கத்திலேயே, பூட்டுவதற்கு முன்பு எழுதிய கடிதமும் பூட்டில்லாமல் கிடந்தது. 'காக்காவுக்கு' என்று பெயர். இரண்டு தட்டுத் தட்டினால் திறந்துவிடும்.

என் விரல் அதன்மேல் போய் நின்றதை மறைக்க மாட்டேன். வாப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. திறக்காமலே அதையும் வடிகட்டியில் போட்டுச் சோதித்தேன். சுத்தம் என்று வந்தது. மூடிவிட்டேன்.

காலிதீன் சேர் கையெழுத்து வைத்தார். பதினொன்று ஐந்துக்கு மெயிலை விடுவித்தேன். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அன்று காலை என்னிடம் வந்த இரண்டு வாடிக்கையாளர்களின் பிரச்சினையையும் தலையாட்டிக் கேட்டேன், ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

பதினொன்றரைக்கு வாடிக்கையாளர் உதவித் தொலைபேசி அடித்தது.

"நான் அட்டாளைச்சேனை மீராலெவ்வை. விதைநெல் கட."

ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்கும் குரல். எனக்கு உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து எழும்பத் தோன்றியது.

"பெரியவாப்பா, நதீரா கதைக்கிறன்."

"தெரியும். அதுக்குத்தான் இந்த நம்பருக்கு எடுத்த." குரல் இறுகியிருந்தது. "பத்து மணிக்கு ஹிஷாம் வந்து, உங்கட தம்பிட மகளுக்குக் கலியாணமாமே, கார்டு வந்திரிக்கி எண்டான். நான் ஒண்டும் கதைக்கல்ல. கடயப் பூட்டிப்போட்டுப் போகப் பாத்தன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்பதான் எனக்கொரு மெயில் வந்திரிக்கி. வந்தது இப்பதான். ஆனா அனுப்பின நேரம் ஒம்பது பத்து எண்டு போட்டிரிக்கி. ஹிஷாம்ட போன வாங்கிப் பாத்தன். அவன்ட ஒம்பது பன்னிரண்டு. இது சரியான நேரமா, இல்ல நீ மாத்தினதா?"

இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. ஒரு மெயில் எங்கே எவ்வளவு நேரம் மறிபட்டாலும், அனுப்பிய நேரம் அதன் நெற்றியிலேயே இருக்கும். ஐந்து வருடமாக நாள் முழுக்கப் பார்க்கிற விசயம்.

"அத ஒருத்தரும் மாத்தல்ல பெரியவாப்பா. வாப்பா உங்களுக்குத்தான் முதல் அனுப்பின. அதுக்குப் பிறகுதான் மத்த எல்லாருக்கும். இடையில மறிச்சு வெச்சது என்ட மெசின். பிழை என்ட பக்கம்."

"ம்."

அந்த 'ம்' எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிடிபடவில்லை.

"பூட்டுத் திறக்குதில்ல," என்றார். "கறுவல் எண்டு நாலு தரம் அடிச்சிட்டன். முதல் வாங்கினது கறுவல்தான். எனக்கு மறதியில்ல."

"அது எனக்குத் தெரியாதே பெரியவாப்பா. அனுப்பினவரத்தான் கேக்கணும்."

அவருடைய கடைக்கு முன்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அவன்ட நம்பர் பழைய நம்பர்தானா?"

"ஓம் பெரியவாப்பா. பழைய நம்பர்தான்."

வைத்துவிட்டார். நான் ஐந்து நிமிடம் பொறுத்து வாப்பாவுக்கு அழைத்தேன். லைன் பிசியாக இருந்தது. இன்னும் பத்து நிமிடம் கழித்தும் அப்படியேதான் இருந்தது. பன்னிரண்டுக்கு உம்மா தன்னுடைய தொலைபேசியில் எடுத்தார்.

"என்னகா நதீரா, இஞ்ச வாப்பா போன்ல யாரோடயோ மாட்டுக்குச் சண்ட புடிக்கிறார். சுட்டியன்தான் முதல், கறுவல் மறுகா வந்ததெண்டு கத்துறார். மாவுக்கட்டுக் கால மறந்து கட்டில்ல இருந்து எழும்பப் பாத்தார், நான் புடிச்சி இருத்தின. யாருகா அது?"

"பெரியவாப்பா உம்மா."

உம்மா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொன்ன சத்தம் பிடவைக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜும்ஆவுக்கு ஒபிஸ் மூடி, பிறகு இரண்டு மணிக்குத் திறந்தோம். நிறுத்தி வைத்த அழைப்புகளை இரண்டு இரண்டாக விடுவதற்குக் கணினிக்கு முன்னால் இருந்தேன். மூன்று மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது வாப்பாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பெரியவாப்பா. நேரே பள்ளியிலிருந்து ஓட்டோ பிடித்து நற்பிட்டிமுனைக்கு வந்திருக்கிறார்.

"மகள், உன்ட மெசின்ல இன்னும் போகாமக் கிடக்கிற அழைப்பு எத்தின?"

"முந்நூத்தித் தொண்ணூத்தி மூணு பெரியவாப்பா. இப்ப விடத்தான் போறன்."

"விடாத. எல்லாத்தையும் அழிச்சிரு."

"அழிக்கவா?" என்றேன்.

"தம்பிட கால்தானே முறிஞ்சிரிக்கி, என்ட கால் நல்லாத்தானே இரிக்கி? நாளையிலிருந்து ஆம்புளையளுக்கு நான் வீடு வீடாப் போய்ச் சொல்றன். பொம்புளையளுக்கு உன்ட பெரியம்மா போவா. எங்கட புள்ளட கலியாணத்த மெசின் போய்ச் சொல்றயா?"

பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. "அப்ப நான் ஒம்பது நாளா தொண்ட கிழியச் சொன்னதெல்லாம்?"

"அந்தக் கடிதம் திறந்ததா பெரியவாப்பா?" என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்ல. மாட்டுப் பிரச்சின இன்னும் முடியல்ல. சுட்டியன் எண்டு அடிச்சா அவன் சொன்னது சரியெண்டு ஆகிரும். அது பூட்டியே கிடக்கட்டும். ஆளே முன்னால இரிக்கான், கடிதம் என்னத்துக்கு?"

அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டேன். கடைசிப் பொத்தானை அழுத்தும்போது கை தானாக நின்றது. விதி விதிதான்.

"அனுப்பினவர் சொல்லாம எனக்கு அழிக்க ஏலா பெரியவாப்பா."

தொலைபேசி கை மாறியது. வாப்பாவின் குரல் தழுதழுத்து, சிரித்து, ஒரு மாதிரியாக வந்தது.

"காக்கா சொன்னாச் சரி மகள்."

அழுத்தினேன். முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றும் இரண்டு விநாடியில் போயின. தொலைபேசியை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். காலிதீன் சேர் சேர்வர்தான் போய்விட்டது என்று பயந்து ஓடிவந்தார்.